எல்லாவற்றுக்கும் மாத்திரைதான் காரணமா?

சிட்னியில் வென்ட்வேர்த்வில்லிலும் மெல்பேர்ணில் டண்டினோங்கிலும் எமது பெண்கள் தாழ்ந்த குரலில் மட்டும் பேசிக்கொள்ளும் விடயமொன்றை இன்று எடுத்துக்கொள்கிறோம். தலைவலி, சோர்வு, முகப்பரு, முடி உதிர்தல், மாதவிடாய் ஒழுங்கீனம் என உபாதைகள் தோன்றினால், கருத்தடை மாத்திரை அல்லது ஊசியின் மீதே பழியைப் போட்டு, எவரையும் கேளாமல் நிறுத்திவிடுவோர் பலர். விரும்பாத வேளையில் கரு தங்கிய பின்னரே வைத்தியரிடம் செல்வோரும் உளர்.

அவுஸ்திரேலியாவில் இம்மாத்திரை 1961இலேயே விற்பனைக்கு வந்தது. அன்றையவற்றில் ஹோமோன் அளவு மிக அதிகம். இன்றைய மாத்திரையாலும் குமட்டல், மார்பு நோவு, இடைநடுவே இரத்தக்கசிவு ஏற்படலாம். அநேகமாக மூன்று மாதங்களுக்குள் அவை தணியும்.

ஊசியின் கதை வேறு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏற்றப்படும் ஊசியால் மாதவிடாய் அறவே நின்றுவிடுவதுண்டு. கெட்ட இரத்தம் உள்ளே தேங்குகிறதென்று தாய்மார் அஞ்சுவர். அப்படியல்ல. கருப்பையின் உட்சவ்வு தடிப்படையாதபோது வெளியேறுவதற்கு எதுவுமே இல்லை. ஆயினும் ஊசியை நிறுத்திய பின்னர் கருத்தரிக்க ஓராண்டளவு செல்லக்கூடும்.

மாத்திரை நோயை மறைப்பதும் உண்டு. மாத்திரை உண்ணும் காலத்தில் மாதந்தோறும் வருவது உண்மையான மாதவிடாய் அன்று. ஹோமோன் இல்லாத நாட்களில் நிகழும் இரத்தப்போக்கே அது. சூலகத்தில் நீர்க்கட்டி நோய் உள்ளவருக்கும் அது தவறாது வரும். மாத்திரையை நிறுத்தியதும் பழைய ஒழுங்கீனம் திரும்புகிறது, பழியோ மாத்திரைக்கு! மெல்பேர்ண் மொனாஷ் பல்கலைக்கழகத்தின் தலைமையில் 2023இல் வெளியான சர்வதேச வழிகாட்டி, இந்நோயுள்ள பெண்களுக்கு வயது, எடை எதுவாயினும் நீரிழிவு அபாயம் கூடுதல் என்கிறது. நீரிழிவு மலிந்த எமது குடும்பங்களுக்கு இது சிறு செய்தியன்று.

தைரொயிட் குறைபாடும் இரும்புச்சத்துக் குறைவும் இதே வேடத்தில் வருவன. ஒரு குருதிப் பரிசோதனை போதும், இவற்றை அறிய. நாற்பதைத் தாண்டியோர் மாதவிடாய் நிற்கும் பருவத்தின் தொடக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான சில மருந்துகள் ஆகியன மாத்திரையின் வலுவைக் குறைப்பன. இவற்றை உண்பவருக்கு இரத்தக்கசிவு கண்டால் அது எச்சரிக்கையாகவும் இருக்கலாம். எனவே உண்ணும் மருந்துகள் யாவற்றையும், உபாதை தொடங்கிய திகதியையும் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

கணவரையோ பள்ளி செல்லும் மகளையோ மொழிபெயர்க்க அழைத்துச் செல்வது எம்மவர் வழக்கம். அவர்கள் முன் வாய் திறக்க முடியாதவை பல அல்லவா? 131 450 என்ற இலக்கத்தில் இயங்கும் அரச மொழிபெயர்ப்புச் சேவையினூடாகத் தமிழ் உரைபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பெறலாம். பெண் ஒருவரே வேண்டுமெனவும் கேட்கலாம்.

காத்திருக்கக் கூடாதவையும் உள. ஒரு கெண்டைக்காலில் மட்டும் வீக்கமும் நோவும், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கலுடன் கடுந்தலைவலி ஆகியன இரத்தக்கட்டியின் அறிகுறிகளாக இருக்கலாம். அப்போது வைத்தியரின் நேரத்துக்குக் காத்திராது உடனேயே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். மாத்திரை உண்பதாக அங்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள்.