கப்பலோடு பேசும் படகு!

இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ளது டோவர் ஜலசந்தி. அகலம் சுமார் 33 கிலோ மீட்டர்தான். தினமும் 400க்கு மேற்பட்ட கப்பல்கள் இந்த வழியாகப் போகின்றன. அவற்றின் குறுக்கே சின்னஞ்சிறு பாய்மரப் படகுகளும் போகின்றன!

பெரிய கப்பலைச் சட்டென்று நிறுத்த முடியாது. எஞ்சினை நிறுத்தினாலும் அது மைல் கணக்கில் ஓடித்தான் நிற்கும். சில கப்பல்களில், முன்னால் 500 மீட்டர் வரை உள்ள கடல் மாலுமியின் கண்ணுக்கே தெரியாது.

அப்போது கை கொடுப்பது, கைக்குள் அடங்கும் ஒரு ரேடியோ!

அதில் 16-வது சானல் எல்லோருக்கும் பொது. படகோட்டி அதில் கப்பலின் பெயரைச் சொல்லி அழைப்பார். தன் படகின் பெயரையும், இருக்கும் இடத்தையும் சொல்வார். பொத்தானை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம்.

பதில் வந்ததும் இருவரும் வேறு சானலுக்கு மாறி விடுவார்கள். ஏன் தெரியுமா? ஆபத்தில் சிக்கியவர்கள் உதவி கேட்பதும் அதே 16-ல்தான். "மேடே" என்று மூன்று முறை கூவுவார்கள். அந்தக் குரலுக்கு வழி விட வேண்டும்!

ஆனால் ஒரு எச்சரிக்கை. கப்பலின் பெயரைத் தவறாகச் சொன்னால், வேறு ஏதோ ஒரு கப்பல் விலகிப் போகும். எதிரே வரும் கப்பல் விலகாது!

ஆகவே, காதில் ரேடியோ இருந்தாலும் கண் கடலில் இருக்க வேண்டும்.