உங்களுக்குத் தெரியுமா? கித்தாரில் புளூஸ் வளர்த்த பால் பொன்னுதுரை

அமெரிக்காவின் தென்பகுதியில், அடிமைத்தளையின் கொடுமையை அனுபவித்த ஆப்பிரிக்க வம்சாவளியினரின் வயற்பாட்டிலும் ஜெபகீதத்திலும் வேரூன்றிப் பிறந்த புளூஸ் சங்கீதத்தை, மலேசியாவிலுள்ள ஈப்போவில் 1961-ஆம் ஆண்டு பிறந்த பால் பொன்னுதுரை தாமாகவே பயின்று தேர்ந்தார். சிங்கப்பூரையே பின்னாளில் தமது வாசஸ்தலமாகக் கொண்டு, அங்குள்ள விடுதிகளின் சிறு மேடைகளில் பாடியும் வாசித்தும் வந்தார்.

பெரும்பாலும் 12 தாள அளவுகளும் மூன்று சுரக்கூட்டுகளுமே கொண்டு எளிமையாகத் தோன்றும் புளூஸின் ஜீவன், சுரங்களுக்கு இடைப்பட்ட நுட்ப ஒலிகளில் இருக்கிறது. நம் வீணை வித்துவான்கள் கமகத்துக்காகத் தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பதுபோலவே, புளூஸ் கலைஞரும் தந்தியை வளைத்து அந்த ஒலிகளைப் பிறப்பிக்கிறார். பொன்னுதுரையோ, கட்டைவிரலால் கீழ்ச்சுரங்களையும் மற்ற விரல்களால் மெட்டையும் சுரக்கூட்டையும் ஒருங்கே எழுப்பி, தனியொரு கித்தாரைக் கொண்டே வாத்திய கோஷ்டி முழுவதும் ஒலிக்கும் பிரமையை உண்டாக்கினார்.

'டைம்' சஞ்சிகை போற்றி எழுதிய அக்கலைஞர் 2012 ஜூலை 6-ஆம் நாள் காலமானார். தூரதேசத்துச் சங்கீதமாயினும், சிரத்தையோடு உபாசிப்பவருக்கு அது சொந்தமாகும் என்பதற்கு அவர் வாழ்வே பிரத்தியட்சப் பிரமாணம்.