மலையோடையின் வேகமும் தடையும்

செங்குத்தான மலைச்சாரலில் நுரைத்து இழியும் ஓடையைக் காண்பார், அது சமவெளியிலே அமைதியாகச் செல்லும் பேராற்றினும் மிக விரைந்து ஓடுகின்றது என்றே துணிவர். ஆரவாரத்தை வேகமென மயங்குதல் இயல்பே. அமெரிக்க நீரியலறிஞர் லூனா லியோப்போல்ட் என்பார் 1953இல், ஆறு மலையை விட்டுக் கீழே செல்லச் செல்லச் சாய்வு குறைந்தும் அதன் சராசரி வேகம் பெரும்பாலும் சிறிது கூடுகின்றது என அளவுகளைக்கொண்டு காட்டினார்.

மழைக்காலத்து வழுக்கியாற்றையன்றி வேறு ஆறு அறியாத எம் மாணாக்கர்க்கு இது வியப்பாயிருக்கலாம். காரணத்தை நோக்குவோம். நீரைக் கீழே ஈர்ப்பது புவியீர்ப்பு. அதனை மறிப்பது படுக்கையின் தடை. சமவெளியாற்றில் மணலும் சேறும் நீரின் ஆழத்தோடு ஒப்பிடுமிடத்து மிகச் சிறியன. மலையோடையிலோ முழ ஆழ நீரில் முழ உயரப் பாறை கிடக்கும். நீர் அதன்மேல் ஏறியும், இருபுறமும் பிளந்தும், பின்னே சுழித்தும், அடுத்த மடுவில் வீழ்ந்து கொந்தளிக்கின்றது. வீழ்ச்சியாற் பெற்ற ஆற்றலிற் பெரும்பகுதி அம்மடுவிலேயே சுழலாகி, ஈற்றில் வெப்பமாய்க் கழிந்துவிடும். எம் செவிக்கு எட்டும் இரைச்சலும் அவ்வாறு இழந்த ஆற்றலின் சிறு கூறே.

அயர்லாந்துப் பொறியியலாளர் றொபேட் மானிங் 1889இல் முன்வைத்த சூத்திரம் இன்றும் வழங்குகின்றது. வேகமானது சாய்வின் வர்க்கமூலத்தையும் நீரின் ஆழத்தையும் பொறுத்து ஏறும். படுக்கையின் கரடுமுரடைக் குறிக்கும் எண் ஏற ஏற இறங்கும். இங்கு ஆழம் என்றது, குறுக்குவெட்டுப் பரப்பை நனைந்த சுற்றளவால் வகுத்துவரும் நீரியல் ஆரையை. சூத்திரத்திற் குறையில்லை, அவ்வெண்ணைத் தெரிவதிலேயே இடர் உளது.

றொபேட் ஜறெற் என்பார் கொலறாடோ மலைகளில் 21 ஓடைகளிற் செய்த 75 அளவீடுகளை 1984இல் வெளியிட்டார். சாய்வு மிகுமிடத்துத் தடையெண்ணும் மிகும் என்பதும், நீர் ஆழமாகும்போது அது குறையும் என்பதும் அவற்றாற் புலப்பட்டன. நூறு மீற்றருக்கு மூன்று மீற்றர் இறங்கும், அரை மீற்றர் ஆழமுள்ள ஓடையொன்றைக் கொள்வோம். சாதாரண ஆற்றுக்குரிய 0.035 என்னும் எண்ணை இடின், வேகம் செக்கனுக்கு 3.1 மீற்றர் எனவரும். ஜறெற்றின் முறைப்படி தடையெண் 0.094, வேகம் ஏறத்தாழ 1.2 மீற்றரே. ஆழம் மாறாதிருக்கச் சாய்வை இருமடங்காக்கினும், அவர் முறைப்படி வேகம் நூற்றுக்கு ஒன்பது வீதமளவே கூடும்!

இஃது ஏட்டுக் கணக்கன்று. அதே கொலறாடோவில் 1976 யூலை 31ஆந் திகதி பிக் தொம்சன் பள்ளத்தாக்கிற் பெருகிய வெள்ளம் 140 பேருக்கு மேற்பட்டோரைக் கொன்றது. இத்தகைய வெள்ளம் வடிந்தபின், கரையிற் பதிந்த நீர்க்குறிகளை அளந்தே பாய்ந்த நீரின் அளவைக் கணிப்பர். தடையெண்ணைக் குறைத்து மதித்தால் வெள்ளம் உள்ளதினும் பெரிதாகத் தோன்றும். மறுபுறம், குறித்த அளவு நீர் வருமென அறிந்து பாலம் அமைப்பவர் அதே பிழையைச் செய்வாராயின், நீர் விரைந்து கழியும் என நம்பிப் பாலத்தைத் தாழ அமைத்துவிடுவர். உண்மையில் நீர் மெல்லச் செல்லும். ஆதலின் மட்டம் உயரும். இரண்டாவதே எமக்கு அச்சந் தருவது.

ஜறெற்றின் முறையும் எங்கும் செல்லாது. நூற்றுக்கு நான்குக்கு மேற்பட்ட சாய்வுக்கோ, சேறும் பாறையும் கலந்து உருண்டுவரும் பெருக்குக்கோ அதனை இடலாகாது.

தமிழாசிரியர்க்கு நீரியலில் என்ன வேலை என நகுவாரும் உளர். மலைநாட்டிற் பணிபுரியும் எம் பழைய மாணவர் தாமே அளந்து எழுதுவாராயின் யாம் ஒதுங்கிக்கொள்வோம். மிதவையை விட்டு அளத்தல் பாறைகளிடையே பயன்படாது. உப்புக்கரைசலை ஓடையில் ஊற்றி, கீழே ஓரிடத்தில் நீரின் மின்கடத்துதிறன் ஏறி இறங்கும் நேரத்தைக் குறித்தல் வேண்டும். வேகத்தைக் கெடுக்கும் அக்கொந்தளிப்பே உப்பை நன்கு கலந்து கொடுத்துவிடும்.