நாயின் செவியில் வாழும் மதுவம்

அப்பமா பொங்குவதற்காக அதிற் சிறிது கள் வார்ப்பது யாழ்ப்பாணத்து அடுக்களைகளில் நெடுங்காலமாக நிலவிவரும் வழக்கம். கள்ளில் வாழும் மதுவம் என்னும் நுண்ணிய பங்கசே மாவைப் பொங்கச் செய்கின்றது. மதுவங்களிற் பல வகைகள் உள. அவற்றுள் மலசீசியா என்பது மாவையும் கள்ளையும் நாடாது, விலங்குகளின் தோலில் ஊறும் கொழுப்பை உண்டு வாழ்வது. நாய்களின் புறச்செவியில் அடிக்கடி நோய் விளைப்பதும் அதுவே.

பிரெஞ்சு அறிஞர் மலசே 1874 ஆம் ஆண்டில் மனிதரின் தலைப்பொடுகில் இத்தகைய மதுவத்தைக் கண்டு விவரித்தார். அவர் பெயரே பின்னர் இதற்கு வாய்த்தது. நாயின் செவியிற் பெருகும் இனமோ 1925 இல் இந்தியக் காண்டாமிருகம் ஒன்றின் தோலிலிருந்து அறியப்பட்டமையால், தடித்த தோலைக் குறிக்கும் பெயரைப் பெற்றது. மென்மையான செவித்தோலிற் குடியிருக்கும் ஓர் உயிருக்கு இப்பெயர் நிலைத்துவிட்டமை வேடிக்கையே.

நோயற்ற நாய்கள் பலவற்றின் செவியிலும் இம்மதுவம் சிறிதளவில் உண்டு. ஆதலின் இது வெளியிலிருந்து வந்த பகைவனன்று. இடங்கிடைத்தபோது பெருகிவிடும் உள்வீட்டுக் குடியே. அவ்விடத்தை அளிப்பது செவியின் அமைப்பு. நாயின் செவிக்குழாய் 'ட' என்னும் எழுத்தைப்போலக் கீழிறங்கிப் பின் உட்புறமாகத் திரும்புகின்றது. ஈரமும் குறும்பியும் அம்மூலையில் எளிதிற் தங்கிவிடும். கொக்கர் ஸ்பானியல் போன்ற தொங்குசெவி நாய்களில் காற்றோட்டமுங் குறைவு. நீந்தும் பழக்கமும் சேர்ந்தால் மதுவத்துக்கு வேறென்ன வேண்டும்?

நோயுற்ற நாய் தலையை ஓயாது உதறும். காலாற் செவியைப் பிறாண்டும். செவியிற் கபில நிறமான பசைக்குறும்பியும் புளித்த நாற்றமும் தோன்றும். தொடவந்த கையை நோவினாற் கடிக்க முனையும் நாயை, குணங்கெட்டதென்று வீட்டார் கட்டிவைத்துவிடுவதும் உண்டு. நோயை வளரவிட்டால் குழாயின் தோல் தடித்து வழி ஒடுங்கும், கேள்வியும் மங்கும். ஓயாத உதறலினாற் செவிமடலுள் குருதி கட்டி வீங்குவதும் உண்டு.

பற்றீரியாக்களும் செவி உண்ணிகளும் ஏறத்தாழ இவ்வாறான குறிகளையே காட்டுவதால், கண்ணாற் கண்டமட்டில் முடிவுசெய்தல் இயலாது. மிருக வைத்தியர் குறும்பியிற் சிறிதைக் கண்ணாடித் தகட்டிற் தடவி, சாயமூட்டி, நுணுக்குக்காட்டியில் நோக்குவார். மலசீசியா நிலக்கடலைக் கோதுபோல நடுவே ஒடுங்கித் தோன்றும். செவிப்பறை கிழிந்துள்ளதா என்பதையும் அவர் ஆராய்வார். கிழிந்திருப்பின் சில மருந்துகள் உட்செவியைத் தாக்கிக் கேள்வியைக் கெடுக்கும். சென்ற ஆண்டு எஞ்சிய சொட்டுமருந்தை மீண்டும் வார்ப்பதும், எண்ணெய் காய்ச்சி ஊற்றுவதும் இதனாலேயே ஆபத்தானவை. பஞ்சு சுற்றிய குச்சியோ குறும்பியை அம்மூலைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும்.

முதலிற் செவியைக் கழுவித் துப்புரவாக்கிய பின்னரே மருந்து தோலைச் சேரும். மைக்கொனசோல், குளோட்ரிமசோல் முதலிய பங்கசு மருந்துகள் பயன்படுகின்றன. சில நாட்களில் நாற்றம் நீங்கியதும் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். மதுவமோ அப்போது குறைந்திருக்குமேயன்றி அடங்கியிராது. வைத்தியர் மறுபடி குறும்பியைச் சோதித்துச் சொல்லும்வரை மருந்தைத் தொடர்தல் வேண்டும்.

இத்தனையுஞ் செய்தும் சில திங்களில் நோய் திரும்பி வருவதுண்டு. மருந்தின்மீது பழிபோடுவது எளிது. பெரும்பாலும் குற்றம் வேறிடத்தில் இருக்கும். இரு செவிகளும் மாறிமாறி நோயுற, நாய் தன் பாதங்களையும் ஓயாது நக்குமாயின், ஒவ்வாமையையே வைத்தியர் முதலில் ஐயுறுவார். வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணுண்ணி, மகரந்தம், உணவு ஆகியவற்றுள் எதுவும் அதற்கு ஏதுவாகலாம். உணவென்று ஐயமெழுந்தால், நாய் முன் உண்டறியாத இறைச்சி ஒன்றை மட்டும் ஏறத்தாழ எட்டு வாரங்கள் கொடுத்துப் பார்ப்பார்கள். அக்காலத்தில் வீட்டுப் பிள்ளைகள் இரக்கப்பட்டுப் போடும் ஒரு பிஸ்கற்றுத் துண்டும் சோதனையைக் குலைத்துவிடும்.