கடிநாய் என்பது இனப்பெயரா?

நாய் என்றதும் நம்மவர் பேச்சு நஜீஸ், தஹாரத் என்ற திசையிலேயே சென்றுவிடுகிறது. மாலிக்கீ மத்ஹபில் நாய் தூய பிராணி என்பதும், ஷாஃபிஈ மத்ஹபில் அதன் ஈரம் பட்டதை ஒருமுறை மண் கலந்த நீரால் உட்பட ஏழுமுறை கழுவ வேண்டும் என்பதும் கற்றோர் அறிந்தவையே. அவ்விவாதம் எல்லா நாய்களுக்கும் பொது. அண்மையில் நம் நாட்டில் எழுந்த கேள்வி வேறு: சில இனங்களைப் பிறப்பைக் கொண்டே கொடியவை எனத் தீர்ப்பிடலாமா?

2024 மார்ச் 12 அன்று மத்திய கால்நடை பராமரிப்புத் துறை மாநிலங்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. பிட்புல், ராட்வைலர் முதலிய 23 வகை நாய்களுக்கு இறக்குமதி, விற்பனை, இனப்பெருக்கம் எதற்கும் இடமில்லை. ஏற்கெனவே வளர்க்கப்படுபவற்றுக்குக் கருத்தடை செய்ய வேண்டும். பட்டியலை நிதானமாகப் படிப்பவர் வியப்படைவார். டோசா இனு, ஜப்பானிய டோசா என்று ஒரே இனம் இரு பெயர்களில் இருமுறை வருகிறது. 'டெரியர்' என்று ஒரு பெருங்குடும்பமே மொத்தமாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்பட்டுள்ளது. மடியில் அடங்கும் யார்க்ஷயர் டெரியரும் அக்குடும்பத்ததே! துருக்கியின் கங்காலும் அக்பாஷும் தப்பவில்லை. அனதோலிய மேய்ச்சல் நிலங்களில் ஓநாய்களிடமிருந்து ஆட்டுமந்தைகளைக் காத்துவரும் நாய்கள் இவை. நமீபியாவில் 1994 முதல் இவ்வகை நாய்களைப் பண்ணையாளருக்கு வழங்கி வருகின்றனர். மந்தையருகே நாய் நிற்பதால் சிவிங்கிப்புலி விலகிப்போகிறது; அதைச் சுட்டுக்கொல்லும் தேவையும் குறைகிறது.

சம்பந்தப்பட்டோரைக் கலந்தாலோசிக்காமல் பிறப்பிக்கப்பட்ட அச்சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரல் 10 அன்றும், டெல்லி உயர் நீதிமன்றம் ஏப்ரல் 16 அன்றும் ரத்துச் செய்தன. மறுமாதமே சென்னை நுங்கம்பாக்கத்துப் பூங்காவொன்றில் கட்டின்றித் திரிந்த இரு ராட்வைலர்கள் ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. ஆகவே மக்களின் அச்சத்தை வெறும் பிரமை என்று ஒதுக்க இயலாது. பெருந்தாடை கொண்ட நாய் கடித்தால் காயமும் பெரிது. ஆயினும் காயத்தின் அளவு வேறு, கடிக்கும் இயல்பு வேறு. 18,000க்கும் மேற்பட்ட நாய்களை ஆராய்ந்து 2022இல் 'சயின்ஸ்' இதழ் வெளியிட்ட ஆய்வின்படி, நாய்களின் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ 9 சதவீதமே. 1993இல் பிட்புல்லைத் தடைசெய்த நெதர்லாந்து, கடிச் சம்பவங்கள் குறையாமை கண்டு 2008இல் அத்தடையை நீக்கிக்கொண்டது.

இஹ்ராமிலும் கொல்லத்தக்க பிராணிகள் ஐந்தைக் குறிப்பிடும் ஹதீஸில் வரும் சொல் 'அல்கல்புல் அகூர்' என்பதாகும். 'அகூர்' எனில் கடித்துக் காயப்படுத்துவது; நிறத்தையோ குலத்தையோ குறிக்கும் சொல் அன்று. மனிதரைத் தாக்கி அச்சுறுத்தும் சிங்கமும் ஓநாயும்கூட அதில் அடங்கும் என்று இமாம் மாலிக் (ரஹ்) 'முவத்தா'வில் விளக்குகிறார். நிறம் பற்றிய சர்ச்சை நம் மரபில் எழாமல் இல்லை. முற்றிலும் கறுத்த நாய் பிடித்த வேட்டையை உண்ணலாகாது என்றார் இமாம் அஹ்மத் (ரஹ்). வேட்டைப் பிராணிகளுக்குத் திருமறை (5:4) வழங்கிய பொது அனுமதியைக் கொண்டு ஏனைய மூன்று இமாம்களும் அதை ஆகுமாக்கினர்.

பொறுப்பு யாருடையது என்பதிலும் ஃபிக்ஹு நூல்கள் தெளிவாக உள்ளன. ஹிஜ்ரி 620இல் மறைந்த இப்னு குதாமா (ரஹ்) தமது 'அல்முஃனி'யில், கடிநாயை வைத்துக்கொண்டு அவிழ்த்துவிடுபவர், அது இரவில் கடித்தாலும் பகலில் கடித்தாலும், பிறர் ஆடையைக் கிழித்தாலும்கூட, ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறார். 2025 டிசம்பரில் பிட்புல், ராட்வைலர் இரண்டுக்கும் புதிய உரிமம் இல்லையெனத் தீர்மானித்த சென்னை மாநகராட்சி, முன்பே வளர்ப்போர் அவற்றை வெளியே அழைத்துவருகையில் கழுத்துவாரும் வாய்மூடியும் கட்டாயம் என்றது. இப்னு குதாமாவின் சட்டத்தோடு இவ்விரண்டாம் பகுதிதான் ஒத்துப்போகிறது. அது எல்லா இன நாய்களின் உரிமையாளருக்கும் பொருந்தும்.