மர்பி டவுன் முதியோரும் கைப்பேசிப் பாடமும்

கணினிக் கல்வி என்றதும் இளைஞர்களே நம் நினைவுக்கு வருகின்றனர். அரசும் அப்படித்தான் எண்ணியது. 2017இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டம், 6 கோடிக் கிராமக் குடும்பங்களில் வீட்டுக்கு ஒருவருக்குப் பயிற்சி தர முனைந்தது. வயது வரம்பு 14 முதல் 60 வரை. 2024 மார்ச்சோடு அது முடிந்தும் விட்டது. அல்சூரை அடுத்த மர்பி டவுனில் வாழும் நம் பெரியவர்கள் நகரவாசிகள், அறுபதைக் கடந்தவர்கள். இரண்டு வகையிலும் அதில் அவர்களுக்கு இடமில்லை. ஆனால் அவர்களுடைய பென்ஷனும் வங்கிக் கணக்கும் கைப்பேசிக்குள் போய்விட்டன.

அங்கே சில முதியோருக்கு நான் கைப்பேசி சொல்லித் தருகிறேன். முதல் தடை எழுத்து. வீட்டில் தமிழ் பேசுவார்கள். சிலர் படித்தது கன்னடத்தில், சிலர் படிக்கவே இல்லை. 2017இல் கூகுள் தமிழுக்கும் கன்னடத்துக்கும் குரல்வழித் தட்டச்சைக் கொண்டுவந்தது இவர்களுக்குப் பெரும் துணை. எழுதத் தெரியாதவரும் பேசியே மகனுக்குச் செய்தி அனுப்பலாம்.

அடுத்த தடை விரல். பெரியவர்கள் பொத்தானை அழுத்துவதுபோல் திரையை அழுத்திப் பிடிப்பார்கள்; வேறு ஏதோ திறந்துகொள்ளும். "பொட்டு வைக்கிற மாதிரி தொட்டு எடுங்கம்மா" என்றால் உடனே பிடிபடுகிறது. அமைப்புகளில் எழுத்தைப் பெரிதாக்கி, தொட்டுப் பிடிக்கும் நேரத்தையும் நீட்டிவைத்தால் பாதித் தொல்லை தீரும்.

ஓய்வூதியருக்கான ஜீவன் பிரமாண் மின்சான்று 2014 நவம்பரில் வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாமல் பலர் அலைந்தனர். 2021 நவம்பரில் முகம் காட்டிச் சான்று பெறும் வசதி வந்தபின் வீட்டிலிருந்தே முடிக்கலாம். கேமரா முன் கண் சிமிட்டினால் போதும். "நான் உசிரோட இருக்கேன்னு இதுக்குக் கண்ணடிச்சுக் காட்டணுமா?" என்று ஒரு தாத்தா கேட்டார். நியாயமான கேள்விதான்!

யூபிஐ பாடத்தைத்தான் நான் அதிக நாள் நடத்துகிறேன். பணம் அனுப்பத்தான் பின் எண் வேண்டும். பணம் பெற வேண்டியதில்லை. இந்த ஒன்றை அறியாமல் ஏமாந்தோர் ஏராளம். பேரனிடம் போனைக் கொடுத்து, "நீயே போட்டுடு கண்ணு" என்று பின் எண்ணையும் சொல்லிவிடும் வழக்கத்தையும் நான் ஏற்பதில்லை. பேரன் நல்லவன்தான், ஆனால் தாத்தாவுக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியாமல் போகும். ஆகவே வகுப்பில் யாருடைய போனையும் நான் கையில் வாங்குவதில்லை. பத்து நிமிடம் ஆனாலும் அவர் விரலே தொட வேண்டும். "போலீஸ் பேசறோம், டிஜிட்டல் அரெஸ்ட்" என்று அழைப்பு வந்தால் துண்டிக்கவும் பழக்குகிறோம். சட்டத்தில் அப்படி ஒரு கைது கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930க்குச் சொல்ல வேண்டும். தாமதித்தால் அது கைமாறிவிடும். அந்த எண்ணை அவரவரே தம் போனில் பதிந்துகொள்வதுதான் முதல் நாள் வீட்டுப்பாடம்.