எந்த ஊர் பூர்ஷ்வா?

இலக்கியக் கூட்டத்தில் ஒருத்தரை வாயடைக்க வேண்டுமென்றால் நம் கைவசம் இருக்கும் சொல் 'பூர்ஷ்வா'. அர்த்தம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான் என்பதுபோலப் பேசிக்கொள்கிறோம். ஆனால் அது பிறந்த பிரெஞ்சிலும், குடியேறிய மொழிகளிலும் அப்படி ஒற்றை அர்த்தம் கிடையாது.

பிரெஞ்சில் முதலில் அது நகரத்தில் உரிமை பெற்றவரைக் குறித்தது. ரூஸ்ஸோ பிறந்த ஜெனீவாவில் சட்டம் தந்த தகுதி அது. சும்மா குடியிருப்பவருக்குக் கிடைக்காது. 1670இல் அரங்கேறிய மோலியேரின் நாடகத்தில், பிரபுவாக ஆசைப்படும் துணி வியாபாரி மகன் கேலிக்கு ஆளாகிறார். இது மேலேயிருந்து வந்த ஏளனம். கீழேயிருந்து தொழிலாளி இதே சொல்லை எறிந்தது பிற்பாடுதான்.

பூர்ஷ்வா வேறு, குடிமகன் வேறு. பலரும் இரண்டையும் குழப்புகிறார்கள் என்று 1762இல் 'சமூக ஒப்பந்தம்' நூலின் அடிக்குறிப்பில் ரூஸ்ஸோ குறைபட்டார். ஜெர்மானியத்திலோ இரண்டுக்கும் 'ப்யூர்கர்' என்ற ஒரே சொல். அதனால்தான் ஹெகல் 'உரிமையின் தத்துவம்' நூலில் பக்கத்திலேயே பிரெஞ்சுச் சொல்லையும் எழுத வேண்டியிருந்தது. ஹெகலும் மார்க்ஸும் பயன்படுத்திய 'ப்யூர்கர்லிஷ கெஸெல்ஷாஃப்ட்' ஆங்கிலத்தில் ஓரிடத்தில் 'சிவில் சமூகம்', இன்னோரிடத்தில் 'பூர்ஷ்வா சமூகம்'. ஆங்கிலம் வழியாகத் தமிழுக்கு வரும்போது முன்னது குடிமைச் சமூகமாகவும் பின்னது முதலாளியச் சமூகமாகவும் பிரிந்துபோகிறது. ஒரே மேடையில் முன்னதைக் கொண்டாடி, பின்னதைச் சபிக்கிறோம். ரெண்டும் ஒரே சொல்லுங்க!

ஆங்கிலத்தில் 'நடுத்தர வர்க்கம்' என்ற பேச்சு ஏற்கெனவே வேரூன்றியிருந்தது. கம்யூனிஸ்ட் அறிக்கையின் 1888 ஆங்கிலப் பதிப்பில், பூர்ஷ்வா என்றால் உற்பத்திச் சாதனங்களை உடைமையாகக் கொண்டு கூலி உழைப்பை அமர்த்தும் வர்க்கம் என்று எங்கெல்ஸ் அடிக்குறிப்பு போட வேண்டி வந்தது. அப்படியும் ஆங்கிலப் பேச்சில் அது ரசனையை, வீட்டு அலங்காரத்தைப் பழிக்கும் அடைமொழியாகவும் ஆனது.

ரஷ்யத்தில் 'புர்ஷுய்' என்று வசைச்சொல்லானது. 1917இல் முதலாளி மட்டுமல்ல, நல்ல கோட்டுப் போட்டவர், படித்தவர், மாணவர்கூட புர்ஷுய்தான். உள்நாட்டுப் போர்க்கால வீடுகளில் எரிந்த சின்ன இரும்பு அடுப்புக்கும் 'புர்ஷுய்கா' என்று பெயர்!

வசை பரவப் பரவ, உடைமை என்ற கேள்வி கழன்றுபோகிறது என்பதே என் கவலை. வெள்ளைச்சட்டை போட்டுக் கவிதை எழுதும் வாத்தியார் மாட்டிக்கொள்கிறார். ஆலையும் நிலமும் வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்கிறார். ஒருவரை பூர்ஷ்வா என்று சொல்பவர், அவரிடம் என்ன உடைமை இருக்கிறது, யாருடைய உழைப்பில் அது பெருகுகிறது என்பதையும் கூடவே சொல்லட்டும். சொல்ல முடியலைன்னா அது விமர்சனமல்ல, வெறும் வசவு.